நின்றதா, நிறுத்தப்பட்டதா? இந்தியப் பெண்களின் ‘முந்திய மாதவிடாய் நிற்றல்’ கணக்கை மீண்டும் வாசித்தல்

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் உரிய காலத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது, அதற்குக் காரணம் வறுமையும் சத்துக்குறைவும் கல்வியின்மையும்தான் என்ற முடிவு, மக்கள்தொகை ஆய்வுகளில் இருபது ஆண்டுகளாக ஏறத்தாழ மறுப்பின்றி நிலைத்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் தரவை எடுத்துக்கொண்டு, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மாதவிடாய் நின்றவர்களின் விழுக்காட்டைக் கணக்கிட்டு, அதைப் படிப்பு, தொழில், வசிப்பிடம், உடல் எடை ஆகியவற்றோடு பொருத்திப் பார்ப்பது இந்த ஆய்வுகளின் வழக்கமான முறை. எழுத்தறிவில்லாதவர்களிடமும் விவசாயக் கூலிகளிடமும் விழுக்காடு கூடுகிறது. மாநிலங்களில் ஆந்திரம் முதலிடத்தில் நிற்கிறது. ஆகவே ஏழ்மை பெண்ணின் உடலை விரைவில் முதுமையடையச் செய்கிறது என்று முடிவு சொல்லப்படுகிறது. இந்த வாசிப்பின் பின்னால் இருக்கும் அக்கறையை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் அளந்தது உடலியல் நிகழ்வையா என்பதே என் கேள்வி. இளவயதினரைப் பொறுத்தவரை, அவை பெரும்பாலும் கத்தியின் தடத்தையே அளந்திருக்கின்றன என்று கருதுவதற்கு வலுவான காரணங்கள் உள்ளன.

இதைத் தெளிவாக்கும் சான்று எல்லோர் கையிலும் இருக்கும் வினாத்தாளிலேயே உள்ளது. 2005-06இல் நடந்த மூன்றாம் சுற்று, பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை-சுகாதார ஆய்வுகளின் பொது வினாத்தாளை அடியொற்றியது. கடைசியாக மாதவிடாய் எப்போது தொடங்கியது என்று களப்பணியாளர் கேட்கிறார். பெண் சொல்லும் பதில் நாளாகவோ வாரமாகவோ மாதமாகவோ ஆண்டாகவோ பதிவாகிறது. அதில் அடங்காத பதில்களுக்குச் சில தனிக் குறிகள் உண்டு. அவற்றில் ஒன்று ‘மாதவிடாய் நின்றுவிட்டது அல்லது கர்ப்பப்பை அகற்றப்பட்டுவிட்டது’ என்பது. இரண்டுக்கும் ஒரே குறி. 48 வயதில் தானாக மாதவிடாய் நின்ற ஆசிரியையும், 31 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த கூலித் தொழிலாளியும் தரவுக்கோப்பில் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள். பிறகு எந்தக் கணினியாலும் அவர்களைப் பிரிக்க முடியாது. இதோடு, கர்ப்பமாகவோ பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய இடைவெளியிலோ இல்லாமல் ஆறு மாதமாக மாதவிடாய் வராத பெண்களும் ‘நின்றவர்’ கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். மருத்துவ வரையறையோ, வேறு காரணமின்றித் தொடர்ந்து 12 மாதம் வராதிருக்க வேண்டும் என்கிறது. முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம் மாதவிடாய் தள்ளிப்போவதற்குத் தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, கருத்தடை ஊசி, பிறப்புறுப்புக் காசநோய் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கக்கூடும். ஆக, முந்தைய ஆய்வாளர்கள் கையாண்ட மாறி, குறைந்தது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளின் கலவை. கருவுறும் வாய்ப்பு உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று அறிவதற்காக அமைந்த கேள்வி அது. அந்த நோக்கத்துக்கு அறுவையும் இயற்கையும் ஒன்றுதான். குறை கேள்வியில் இல்லை. அதை முதுமையின் அளவுகோலாக எடுத்துக்கொண்டதில்தான் இருக்கிறது.

இந்தக் கலவையில் அறுவையின் பங்கு சொற்பமாக இருந்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. நான்காம் சுற்று (2015-16) முதன்முறையாகக் கர்ப்பப்பை அகற்றம் பற்றித் தனியாகக் கேட்டது: அறுவை நடந்ததா, எத்தனை ஆண்டுக்கு முன், எங்கே, எதற்காக. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 3.2 விழுக்காட்டினர் ஆம் என்றனர். ஆந்திரத்தில் அது 8.9, தெலங்கானாவில் 7.7, பிகாரில் 5.4. வயதுவாரியாகப் பார்த்தால் முப்பதுகளில் இருப்போரிடம் ஏறத்தாழ 3.6, நாற்பதுகளில் இருப்போரிடம் 9.2. இந்த 3.6ஐச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக ஆளப்படும் மதிப்பீட்டின்படி, 30 வயதுக்கு முன் சினைப்பை செயலிழப்பது ஆயிரத்தில் ஒருவருக்கு, 40 வயதுக்கு முன் நூற்றில் ஒருவருக்கு. அப்படியானால் முப்பதுகளில் இருக்கும் நூறு பெண்களை எடுத்துக்கொண்டால் இயற்கையாக நின்றவர் ஒருவருக்கும் குறைவு. அறுவையால் நின்றவர் மூவருக்கும் அதிகம். அண்மைய மதிப்பீடுகள் அந்த ஒரு விழுக்காட்டை மூன்றரை வரை உயர்த்துகின்றன என்பதை அறிவேன். ஆனால் அது 40 வயதை எட்டும்போது சேரும் மொத்தம். முப்பது முதல் முப்பத்தொன்பது வரையுள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும்போது சராசரி அதைவிடக் குறைவாகவே வரும். அப்போதும் அறுவையின் கையே ஓங்கியிருக்கும். நாற்பதுகளின் பிற்பகுதியில் இயற்கையாக நிற்பவர்கள் பெருகுவதால் அறுவையின் பங்கு அவர்களுக்குள் கரைந்துபோகிறது. ‘முந்திய’ என்ற அடைமொழி எந்த வயதினரை நம்பி நிற்கிறதோ, அந்த வயதினரிடமே அறுவையின் பங்கு மிக அதிகம்.

சராசரி வயதைக் கொண்டு வாதிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஆய்வு 49 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் கேட்பதில்லை. ஏற்கெனவே மாதவிடாய் நின்றவர்களின் வயதை மட்டும் எடுத்துச் சராசரி கண்டால், உண்மையில் 51 வயதில் நிற்கும் சமூகத்திலும் விடை நாற்பதுகளின் நடுவிலோ அதற்குக் கீழோதான் வரும். தாமதமாக நிற்கப்போகிறவர்கள் கணக்கிலேயே இல்லை. இந்திய மாதவிடாய் நிறைவுச் சங்கத்தின் நாடு தழுவிய ஆய்வு தந்த 46.2 என்ற சராசரி வேறு வழியில் பெறப்பட்டது என்பதால் அதற்கு இந்தக் குறை அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த எண்ணையும் அமெரிக்காவின் 51ஐயும் அருகருகே வைத்து ஐந்தாண்டு இடைவெளி என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. 1996இல் தொடங்கி 3,302 பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வான ‘ஸ்வான்’, கர்ப்பப்பையும் குறைந்தது ஒரு சினைப்பையும் உள்ள, 42 முதல் 52 வயதுடைய பெண்களையே சேர்த்துக்கொண்டது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வாசலிலேயே தடை. அங்கே கத்தி பட்டவர்களை விலக்கிக் கண்ட வயது. இங்கே குடும்பநல ஆய்வில் அவர்களையும் சேர்த்துக் கண்ட விழுக்காடு. இவ்விரண்டையும் ஒப்பிட்டு இந்திய உடலின் இயல்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இனி, ஏழ்மையோடுள்ள தொடர்பு. முந்தைய வாசிப்பின் அடித்தளம் இதுதான் என்பதால் இதற்கே அதிக இடம் தர வேண்டும். படிக்காதவர்களிடமும் கிராமத்தினரிடமும் விவசாய வேலை செய்பவர்களிடமும் விழுக்காடு கூடுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்காம் சுற்றுத் தரவைக் கொண்டு கர்ப்பப்பை அகற்றத்தை மட்டும் ஆராய்ந்தவர்களும் இதே மூன்று குணங்களைத்தான் கண்டார்கள்: குறைந்த படிப்பு, கிராமம், வயல்வேலை. ஒரே தொடர்பை இரண்டு கதைகளும் விளக்குகின்றன என்றால், அவை எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதே முறை. செல்வநிலையில்தான் பிரிகின்றன. சத்துக்குறைவுதான் காரணம் என்றால் பரம ஏழைகளிடம் விழுக்காடு உச்சத்தில் இருக்க வேண்டும். வசதி கூடக் கூட இறங்க வேண்டும். கர்ப்பப்பை அகற்றமோ வசதி கூடும்போது ஏறுகிறது, படிப்பு கூடும்போது இறங்குகிறது. அறுவைக்குப் பணம் வேண்டும் அல்லது காப்பீட்டு அட்டை வேண்டும். மறுத்துக் கேள்வி கேட்கப் படிப்பு வேண்டும். பணமோ அட்டையோ இருந்து படிப்பு இல்லாத பெண்ணுக்கே கர்ப்பப்பை அதிகம் பறிபோகிறது. படிப்பும் செல்வமும் இப்படி எதிரெதிர்த் திசையில் இழுப்பதைச் சத்துக்குறைவு என்ற கதையால் விளக்க முடியாது. மருத்துவச் சந்தை என்ற கதை அதை எளிதாக விளக்கிவிடுகிறது. அறுவைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்திருப்பதும் அதோடு பொருந்துகிறது. மாநில வரிசையும் இதையே காட்டுகிறது. ஆந்திரமும் பிகாரும் பழைய ‘முந்திய நிற்றல்’ பட்டியலின் மேல்வரிசையில் இருந்தவை. அறுவைப் பட்டியலின் மேல்வரிசையிலும் அவையே. ஆந்திரத்தை அடுத்திருக்கும் தமிழ்நாட்டில், வெயிலும் சோறும் இரத்தசோகையும் பெரிதாக வேறுபடாதபோதும், கர்ப்பப்பை அகற்றம் ஆந்திர அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. உடலியல் காரணங்கள் மாநில எல்லையில் இப்படி வெட்டுப்பட்டு நிற்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம் 2007இல்தான் வந்தது. 1998-99இல் நடந்த இரண்டாம் சுற்றிலேயே ஆந்திரம் முன்னணியில் இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காப்பீடுதான் அறுவையைத் தோற்றுவித்தது என்பது என் வாதம் அல்ல. ஏற்கெனவே இருந்ததைக் காப்பீடு பெருக்கியது. நான்காம் சுற்றில் அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 35 வயதை எட்டுமுன்பே செய்துகொண்டவர்கள். 2015-16இல் 49 வயதில் இருந்த ஒருவர் 34இல் செய்துகொண்டார் என்றால் அது 2000ஐ ஒட்டிய நிகழ்வு. அப்படிப்பட்ட பழைய அறுவைகள் அந்தத் தரவிலேயே உறைந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, 1998இல் முப்பதுகளின் தொடக்கம் வரையிலான வயதில் இருந்தவர்களின் நிலையை மீட்டெடுக்கலாம். (மேலே சொன்ன பாதிக் கணக்கும் 49 வயது வரம்புக்கு உட்பட்டதுதான், வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அந்த நடுவயது சற்றே உயரும்.) அதோடு, காப்பீடு வந்த இடங்களில் என்ன நடந்தது என்பதும் ஒளிவுமறைவாக இல்லை. 2012இல் பிகாரின் சமஸ்திபூரில் ஏழைகளுக்கான தேசியக் காப்பீட்டின் பெயரால் நடந்த கர்ப்பப்பை அகற்றங்கள் அம்பலமாயின. குஜராத்தில் சேவா அமைப்பின் காப்பீட்டில் கிராமப் பெண்களின் கோரிக்கைகளில் முன்னணியில் இருந்தது இந்த அறுவைதான்; செய்துகொண்டவர்களின் சராசரி வயது 37ஐ ஒட்டியிருந்தது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் அரசு அமைத்த குழு, கரும்பு வெட்டும் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை இழந்திருப்பதைக் கண்டது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரர் கூலியில் பிடித்தம் செய்வார் என்ற அச்சம் அங்கே சினைப்பையின் வயதைவிடப் பெரிய காரணியாக இருந்தது.

வலுவான மறுப்பு மருத்துவத் துறையிலிருந்து வரக்கூடியது. கர்ப்பப்பையை எடுத்தால் சினைப்பையும் விரைவில் ஓய்ந்துவிடும், எனவே விளைவு ஒன்றுதானே என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. சினைப்பைகளை விட்டுவைத்துக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்த பெண்களுக்கு மாதவிடாய் நிற்றல் ஏறத்தாழ 3.7 ஆண்டு முந்தியது என்று நியூசிலாந்தில் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வொன்று கண்டது. இரு சினைப்பைகளையும் 45 வயதுக்கு முன் எடுத்து, ஈஸ்ட்ரோஜனும் தராமல் விட்ட பெண்களுக்கு இறப்பு வாய்ப்புக் கூடியதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். ஆனால் இந்த இரண்டு நிலைகளும் ஒன்றல்ல என்பதே இவற்றிலிருந்து தெரிய வேண்டிய பாடம். சினைப்பை தப்பிய 32 வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் மட்டுமே நின்றிருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் ஓடிக்கொண்டிருக்கிறது. சினைப்பையும் போன பெண்ணுக்கு உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் உறக்கமின்மையும் ஓரிரு வாரங்களிலேயே தொடங்கும். எலும்புத் தேய்மானம் அடுத்த சில ஆண்டுகளில் விரையும். இவ்விருவருக்கும் தேவைப்படும் கவனிப்பு முற்றிலும் வேறு. சினைப்பை எடுக்கப்பட்டதா என்று குடும்பநல ஆய்வு கேட்கவே இல்லை. விளைவு ஒன்று என்று சொல்பவர்கள், அதை நிறுவத் தேவையான கேள்வி கேட்கப்படவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

நினைவுப் பிழையாலும் வயதைத் தவறாகச் சொல்வதாலும் இந்தத் தரவே நம்பத்தகாதது என்பாருக்கு நெடிய பதில் தேவையில்லை: பெண்கள் வயதை ஓரிரு ஆண்டு மாற்றிச் சொல்லலாம், வயிற்றில் கத்தி பட்டதை மறப்பதில்லை. மரபணு வேறுபாடு என்பதும் அப்படியே. மாநிலத்துக்கு மாநிலம் இத்தனை மடங்கு வேறுபாட்டை அது தராது. சத்துக்குறைவுக்கும் புகைபிடித்தலுக்கும் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. புகைபிடிப்பவர்களுக்கு ஓரிரு ஆண்டு முந்துவதும், எடை மிகக் குறைந்த பெண்களுக்கு முந்தி நிற்கும் வாய்ப்புக் கூடுவதும் பல நாட்டு ஆய்வுகளில் தெரிகின்றன. அவை நாற்பதுகளின் பிற்பகுதியில் வளைகோட்டைச் சற்று இடப்பக்கம் நகர்த்தும். முப்பது வயதுக்காரிகளை அந்தக் கணக்கில் கொண்டுவந்து நிறுத்துமளவுக்கு வலுவானவை அல்ல.

எந்தக் கதையை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்து அரசு செய்யும் செலவும் மாறிவிடுகிறது. ஏழ்மையும் உடலியலும்தான் காரணம் என்றால் சத்துமாத்திரையோடு கடமை முடிந்தது. மருத்துவச் சந்தைதான் காரணம் என்றால், நான்காம் சுற்றில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவைக்குச் சொன்ன காரணத்துக்குப் போக வேண்டும்: மிகுதியான உதிரப்போக்கும் வலியும். இதற்கு டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் கசியும் கருத்தடை வளையம் இருக்கிறது, புற்றுநோய் அச்சத்தைத் தீர்க்கக் கர்ப்பப்பை உட்சுவர்ப் பரிசோதனை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை கிடைக்காத பெண்ணுக்கு, ஊருக்கு வெளியே பேருந்து நிலையத்தருகில் உள்ள நர்சிங் ஹோம் ஒரே ஒரு தீர்வைத்தான் தருகிறது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது, இந்த இரண்டாம் கதையை ஏற்றதால்தான். கல்விப்புலம் இன்னும் முதல் கதையில் நிற்கிறது.

என் வாசிப்பைப் பொய்யாக்குவது எளிது. நான்காம், ஐந்தாம் சுற்றுத் தரவில் அறுவை செய்துகொண்டவர்களை விலக்கிவிட்டு, 12 மாத வரையறையைப் பொருத்தி, 39 வயதுக்கு உட்பட்டவர்களின் மாநில வரிசையை மீண்டும் கணக்கிட வேண்டும். அப்போதும் ஆந்திரம் அதே தொலைவில் முந்தி நின்றால் நான் சொன்னது தவறு. அதைவிட அவசரமான வேலை 45 வயதைத் தாண்டியவர்களிடம் இருக்கிறது. 2017-18இல் நடந்த இந்திய முதுமை ஆய்வில் பெண்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள். முப்பது வயதில் அறுவைக்குப் போனவர்கள் இப்போது அந்தத் தரவில்தான் இருக்கிறார்கள். அவர்களின் எலும்பு முறிவும் இரத்த அழுத்தமும் மூட்டுவலியும் அதில் பதிவாகியிருக்கின்றன. அடுத்த சுற்றில் ‘சினைப்பையையும் எடுத்தார்களா, மருத்துவமனை தந்த சீட்டு கைவசம் இருக்கிறதா’ என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும்.