கல்லில் நிலைத்த ஊர்ப்பெயர்கள்

பிரஷ்ய மன்னன் புகுத்திய புதிய வழிபாட்டு முறையை ஏற்க மறுத்த லுத்தரன் குடியானவர், போதகர் காவெலின் தலைமையில், 1838ஆம் ஆண்டின் இறுதியில் தென் அவுஸ்திரேலியாவில் வந்திறங்கினர். டொரன்ஸ் ஆற்றங்கரையில் அமைத்த முதற் குடியிருப்புக்குத் தாம் விட்டுவந்த ஊரின் பெயரையே இட்டனர்: கிளெம்சிக். பின்னர் ஹான்டோர்ப், பெத்தானி முதலிய ஊர்கள் எழுந்தன. ஆங்காங்கே சேமக்காலைகளும் அமைந்தன.

முதலாம் உலக யுத்தக் காலத்தில், 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 69 ஜேர்மன் பெயர்கள் தேசப்படத்தினின்றும் நீக்கப்பட்டன. ஏறத்தாழ 80 ஆண்டுகள் அந்நிலத்தை உழுதவர்களின் ஊர்ப்பெயர்கள் பகைவர் பெயர்களாகிவிட்டனவாம்! கிளெம்சிக், பாலஸ்தீனப் போர்க்களமொன்றின் பெயரால் 'காசா' ஆயிற்று. 1935இல் அது பழைய பெயரை மீளப் பெற்றது. எல்லா ஊர்களுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. ஐரோப்பாவிலிருந்த மூல ஊரோ, 1945க்குப் பின் போலந்துக்குரியதாகி வேறு பெயர் பூண்டது.

சட்டம் தேசப்படத்தை மாற்றிற்று, கல்லறைகளை மாற்றவில்லை. ஹான்டோர்ப்பிலும் பரோசாப் பள்ளத்தாக்கிலும் உள்ள பழைய சேமக்காலைகளில், முன்னோர் பெயர்களை ஜேர்மன் எழுத்திலேயே தாங்கிய கற்கள் நிற்கின்றன. பிறந்த ஊரைக் கூறும் கற்களும் அவற்றுள் உள. அக்கற்களை இன்று வெயிலும் மழையும் அரிக்கின்றன. அவ்வெழுத்தைப் படிக்க வல்லாரும் அருகிவிட்டனர்.