சாகாத இளவரசி

போன எபிசோட்ல, 1819-ல் ஜான் ஸ்மித் என்ற மதராஸ் குதிரைப்படை அதிகாரி அஜந்தா குகைகளைப் பார்த்த கதையைப் பேசினோம். இன்னைக்கு ஒரே ஒரு சுவர்தான்.

16-ஆம் குகை. வாகாடக அரசன் ஹரிசேனனின் அமைச்சர் வராகதேவன் 5-ஆம் நூற்றாண்டில் பிக்குகளுக்காகக் குடைய வைத்த விகாரை. அங்கே ஒரு பெண் தலை சாய்ந்து, கண் சொருகிக் கிடக்கிறாள். பின்னாலிருந்து ஒருத்தி தாங்குகிறாள், இன்னொருத்தி விசிறுகிறாள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து இதற்குப் பெயர் ‘இறக்கும் இளவரசி’. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்.

ஆனா அவள் சாகவில்லை. அவள் பெயர் சுந்தரி. கணவன் நந்தன், புத்தருடைய தம்பி, சித்தி மகன். அசுவகோசர் இந்தக் கதையை ‘சௌந்தரநந்தம்’ என்று சமஸ்கிருதத்தில் காவியமாகவே எழுதியிருக்கிறார். புத்தர் பிச்சைக்கு வருகிறார். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, வெறும் பாத்திரத்தோடு திரும்பிப் போகிறார். பதறிப்போய் நந்தன் பின்னாலேயே கிளம்புகிறான். நெற்றியில் எழுதின சாந்து காய்வதற்குள் வந்துடணும் என்று சொல்லித்தான் அனுப்புகிறாள் சுந்தரி.

அவன் வரவே இல்லை. விகாரையில் அழ அழ அவனுக்கு மொட்டை அடிக்கிறார்கள். (ஆமாம், அழுகிறான். விரும்பித் துறந்தவன் இல்லை.) ஓவியத்தில் ஓர் ஆள் அவனுடைய கிரீடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். அதைப் பார்த்துத்தான் அவள் சரிகிறாள்.

பிறகு நந்தனின் மனதை மாற்ற, புத்தர் அவனுக்கு ஒற்றைக்கண் பெண்குரங்கைக் காட்டுகிறார், அப்புறம் தேவலோகத்து அப்சரஸ்களை. அவர்களுக்கு முன்னால் சுந்தரி அந்தக் குரங்கு மாதிரிதான் என்று அவனே சொல்லிவிடுகிறான். காவியத்தில் எனக்குக் கசக்கிற இடம் இதுதான்.

ஓவியர்கள் அவளை அப்படி விடவில்லை. அந்தத் துவண்ட விரல்களைப் பாருங்க. துறவின் பெருமையைச் சொல்ல வந்த சுவரில், அதற்கு விலை கொடுத்தவளையும் வரைந்திருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தினமும் கடந்து போன பிக்குகளில் எத்தனை பேர் வீட்டில் ஒரு சுந்தரியை விட்டுவிட்டு வந்தவர்களோ!

‘இறக்கும் இளவரசி’ன்னு சொன்னா ஏதோ நோய்னு போயிடும். கிரீடத்தோடு நிற்கிற அந்த ஆளை நாம பார்க்கவே மாட்டோம்.