மஞ்சளுக்கே மஞ்சள் பூசின கதை

நம்ம மொழியில பொருளுக்கும் நிறத்துக்கும் ஒரே பேரு, மஞ்சள். வங்காளத்துலயும் அப்படித்தான், ரெண்டுமே 'ஹோலுத்'. ஆக, மஞ்சள்னா மஞ்சளா இருந்தே ஆகணும்! பங்களாதேஷில் வினை அங்கேதான் ஆரம்பிச்சது.

1980களில் அங்கே பெருவெள்ளம். நனைஞ்ச விரலி மஞ்சள் சரியா காயாம நிறம் மங்கிப் போச்சு. மங்கினதை யாரு வாங்குவா? பாலிஷ் போடறப்போ லெட் குரோமேட்டைத் தூவ ஆரம்பிச்சாங்க. பொம்மைக்கும் மேஜை நாற்காலிக்கும் அடிக்கிற சாயம் அது. உள்ளே ஈயமும் குரோமியமும். வெள்ளம் வடிஞ்சது, பழக்கம் வடியலை. வாங்குறவங்க கண்ணும் அந்தப் பளபளப்புக்குப் பழகிடுச்சு.

ஈயம் குழந்தைகளோட மூளை வளர்ச்சியையே கெடுக்கும். கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்துல இருந்த ஈயம் எங்கேர்ந்து வந்ததுன்னு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐசோடோப்பு வச்சுத் துப்பு துலக்கினாங்க. 2019ல வந்த முடிவு கைகாட்டினது மஞ்சள்தூளை!

அப்புறம் நடந்ததுதாங்க ஆச்சரியம். அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பத்திரிகையிலயும் சந்தையிலயும் எச்சரிக்கை விட்டுச்சு. டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில சோதனை, வியாபாரிகளுக்கு அபராதம். 2019ல சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்துல ஈயம் இருந்தது. 2021ல ஒண்ணுலகூட இல்லை. முப்பது வருஷப் பழக்கம், ரெண்டே வருஷத்துல!

கண்ணால பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாதுங்க. ஆனா கடைக்காரர்கிட்ட "நல்லா பளிச்சுன்னு இருக்கறதா குடுங்க"ன்னு கேக்கறதை நாம நிறுத்தலாமே. நான் நிறுத்திட்டேன். நீங்க?