வானூர்திப் போக்குவரத்து வரலாற்றில் சான்றுத் தேர்வு

இலக்கிய வரலாற்றில் ஒரு நூலின் காலத்தைத் துணியப் புகுவோர், முதற்கண் தம் கையிலுள்ள சான்றுகளைத் தரம் பிரித்துக்கொள்வர். கல்வெட்டாராய்ச்சியாளர்க்கும் இது பழகிய நெறியே. சோழர் கல்வெட்டு ஒன்றில் மெய்க்கீர்த்தி ஒருவகைச் சான்று; அதனை அடுத்து வரும் கொடைப் பகுதி வேறுவகைச் சான்று. முன்னது மன்னன் புகழை நிலைநாட்ட எழுந்தது. பின்னது இன்ன நிலம், இன்ன எல்லை, இன்ன அளவு எனப் பிற்காலத்தே வழக்கு நேரின் காட்டுதற்கு எழுந்தது. இரண்டும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டவை எனினும் இரண்டிற்கும் ஒரே மதிப்புத் தருவார் இலர்.

ஒரு நூற்றாண்டைச் சிறிதே கடந்த வானூர்திப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோரிடத்து இவ்விழிப்பு அரிதாகவே காணப்படுகிறது. நிகழ்ச்சிகள் அண்மையவை, செய்தித்தாளும் ஒளிப்படமும் உள்ளன, ஆதலின் ஐயத்திற்கு இடமில்லை என்று கருதிவிடுகின்றனர். உண்மையில் இத்துறையிலும் ஏடெழுதுவோர் பிழைகள் உள்ளன, மெய்க்கீர்த்திகளும் உள்ளன. கராச்சிக்கும் சென்னைக்கும் இடையே 1932-இல் தொடங்கிய வான்வழி அஞ்சலை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எத்தகைய சான்று எவ்வினாவிற்கு விடை தரும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தமிழ் பயில்வோர்க்குத் தொடக்கத்திலேயே ஒரு தடை உண்டு. 'விமானம்' என்ற சொல்லைக் கொண்டு நூலடைவுகளில் தேடுவோர், கருவறைமேல் எழும் கட்டடத்தைப் பற்றிய நூல்களையும் உடன் காண்பர். அவற்றை விலக்கிச் சென்றால் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வந்து நிற்கும். அது திருத்தக்கதேவரின் கற்பனைத் திறத்திற்குச் சான்று. பறத்தற் கலையின் வரலாற்றிற்குச் சான்றன்று. தொன்மை நாட்ட விரும்புவோர் எடுத்துக்காட்டும் 'வைமானிக சாஸ்திரம்' என்னும் வடமொழி நூலின் நிலை இன்னும் தெளிவானது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் அதனை ஆராய்ந்து 1974-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதிற் கூறப்பட்ட ஊர்திகள் பறக்கத் தகுதியற்றவை என்று பொறியியல் முறையாற் காட்டியதோடு அவர்கள் நில்லாது, நூலின் மொழிநடை வேதகாலத்தது அன்று என்றும், அந்நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது என்றும் துணிந்தனர். மொழிநடை கொண்டு காலம் காண்டல் நம் துறையின் கருவியன்றோ? பொறியியலார் கையில் அது பயன்பட்டமை மகிழ்ச்சிக்குரியது.

இனி 1932-ஆம் ஆண்டிற்கு வருவோம். இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929 மார்ச்சுத் திங்களில் இலண்டனிலிருந்து கராச்சி வரை வான்வழித் தொடர்பை ஏற்படுத்தியது. அவ்வஞ்சலைத் தெற்கே கொண்டுவரும் திட்டத்தை நெவில் வின்சென்ட் என்னும் முன்னாள் பிரித்தானிய வான்படை வீரர் டாடா நிறுவனத்தாரிடம் கொணர்ந்தார். 1932 ஏப்ரலில் அரசுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள், 'புஸ் மாத்' என்னும் ஒற்றைப் பொறிச் சிற்றூர்தியில், ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து புறப்பட்டு, அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் ஜுஹூ திடலை அடைந்தார். அங்கிருந்து அஞ்சலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் வின்சென்ட்.

எனினும், டாடாவே கராச்சியிலிருந்து சென்னை வரை ஓட்டிவந்தார் என்று எழுதியும் பேசியும் வருவோர் பலர். இப்பிழை எவ்வாறு தோன்றியது என்பது ஆராயத்தக்கது. வழியின் பெயர் 'கராச்சி–சென்னை' என்பது. முதற்பயணத்தோடு இணைத்துப் பேசப்பெறும் பெயர் டாடாவினுடையது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவன் இடையிலுள்ள பம்பாயை மறந்துவிடுகிறான். புகழ்மிக்கவர் பெயர் அருகிலுள்ளார் செயலையும் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் இயல்பினது. பல காலத்துப் பாடல்கள் ஔவையார் என்னும் ஒரு பெயரின்கீழ் வந்து சேர்ந்தமையை நாம் அறிவோம். டாடா தம் எழுபத்தெட்டாம் அகவையில், 1982 அக்டோபர் 15 அன்று, பழைய சிற்றூர்தி ஒன்றில் மீண்டும் அப்பயணத்தை நிகழ்த்திக் காட்டினார். அதுவும் கராச்சியில் தொடங்கிப் பம்பாயில் முடிந்ததே. அவர் செய்யாததை அவர் மேல் ஏற்றியவர்கள் பிறரே என்பதற்கு அவர் செயலே சான்றாக நிற்கிறது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 'ஏர் இந்தியா 1932-இல் தோன்றியது' என்ற தொடர் வழக்கிலுள்ளது. தொடர்ச்சியைக் கூறுவதாயின் அது பொருந்தும். பெயரைக் கூறுவதாயின் பொருந்தாது. 1932-இல் இருந்தது டாடா சன்ஸ் நிறுவனத்தின் வானூர்திப் பிரிவு. 'ஏர் இந்தியா' என்னும் பெயருடைய பொது நிறுவனம் 1946 ஜூலை 29-இல் அமைந்தது. பிற்காலப் பெயரை முற்காலத்தின்மேல் ஏற்றுதல் ஆய்வுக்கு ஆகாது.

மிகுந்த கவனத்திற்குரியது ஓர் எண். முதலாண்டில் இவ்வஞ்சல் ஊர்திகள் 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும், '9.72 டன்', அதாவது '10.71 மெட்ரிக் டன்' அஞ்சலையும் சுமந்தன என்று ஒரு செய்தி பரவலாக எடுத்தாளப்படுகிறது. இவ்விரண்டு எண்களையும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். டன் என்பது இருவகை: பிரித்தானிய டன் 2,240 பவுண்டு, அமெரிக்க டன் 2,000 பவுண்டு. 9.72 பிரித்தானிய டன் 9.88 மெட்ரிக் டன்னே ஆகும். 9.72 அமெரிக்க டன் ஆயின் 8.82 மெட்ரிக் டன். எவ்வாறு கணக்கிடினும் 10.71 வருமாறில்லை. ஆனால் தலைகீழாகக் கொண்டு, 10.71 அமெரிக்க டன்னை மாற்றிப் பாருங்கள், 9.72 மெட்ரிக் டன் சரியாக வருகிறது. ஆகவே எண்களுக்கு உரிய அலகுகள் இடம் மாறிவிட்டன என்பது உறுதி. 10.71 என்பதே மூல எண் என்றும், அதனை அமெரிக்க டன்னாகக் கருதி யாரோ ஒருவர் மாற்றினார் என்றும், பின்னர்ப் படியெடுத்தவர் அலகுகளைப் பிறழ வைத்தார் என்றும் கொள்ளலாம். அக்கால இந்தியாவில் வழங்கியது பிரித்தானிய டன் ஆதலின், மூலத்தின் கருத்து ஏறத்தாழ 10.88 மெட்ரிக் டன்னாக இருத்தலே பொருத்தமுடைத்து. 9.72-க்கும் 10.88-க்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்து நூறு கிலோகிராமுக்கு மேற்படும். பாடவேறுபாட்டை ஆராய்வோர் இதனைச் சிறிதென்று தள்ளார். ஒரு நூலைப் பார்த்து மற்றொன்று எழுதப்படும்போது, சான்றுகள் பத்தாகப் பெருகினும் அவை ஒரே சான்றே என்பதும் இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் எதனை நம்புவது? நிறுவனங்கள் தம் வெள்ளிவிழாவிலும் பொன்விழாவிலும் வெளியிடும் மலர்கள் மெய்க்கீர்த்தி வகையின. அவற்றை ஒதுக்க வேண்டுவதில்லை. ஒளிப்படங்களும் பணியாளர் பெயர்களும் வேறெங்கும் கிடையாதவாறு அவற்றில் உண்டு. ஆனால் இழப்பும் பிணக்கும் அவற்றில் இரா. அன்றாடத் தேவைக்காக எழுதப்பட்ட தாள்களே கொடைப் பகுதியை ஒத்தவை: ஊர்திப் பதிவேடு, ஓட்டுநரின் பறத்தற் குறிப்பேடு, கால அட்டவணை, அஞ்சல் முத்திரை, அரசின் ஆண்டறிக்கை. இவையும் தத்தம் எல்லைக்குள் மட்டுமே பேசும். பதிவேடு ஊர்தி யாருடையது என்று கூறும். யார் ஓட்டினார் என்று கூறாது. அதற்குக் குறிப்பேடு வேண்டும். கால அட்டவணை நிறுவனத்தின் எண்ணத்தைக் காட்டுமேயன்றி நிகழ்ந்ததைக் காட்டாது. மழைக்காலத்தில் ஜுஹூ திடல் நீரில் மூழ்குமாதலால் ஊர்திகள் பூனாவிலிருந்து இயங்கின. கடித உறையின் பின்புறத்து வருகை முத்திரை நாளை ஐயமின்றிக் காட்டும். எனினும் சேமிப்போர்க்கென்றே ஆக்கப்பட்ட நினைவு உறைகளை வணிகரும் பொதுமக்களும் அனுப்பிய உறைகளோடு ஒன்றாக எண்ணல் கூடாது. இக்காலத்து எண்களிலும் இவ்விழிப்பு வேண்டும். வானூர்தி நிலையங்கள் ஏறுவோரையும் இறங்குவோரையும் எண்ணுகின்றன. ஆதலின் சென்னையிலிருந்து தில்லி செல்லும் ஒருவர் இரு நிலையக் கணக்கிலும் இடம்பெறுவார். 1945-இல் ஹவானாவில் அமைந்த பன்னாட்டு வான்போக்குவரத்துச் சங்கம் நிறுவனங்களின் கூட்டமைப்பு. வரியைப் பற்றி அது கூறுவனவற்றை வழக்காளியின் கூற்றாகவே படித்தல் தகும்.

'முதல்' என்னும் அடை இத்துறையில் பெரிதும் மலிந்துள்ளது. 1911 பிப்ரவரி 18-இல் ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு வானோடி அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அப்பாலுள்ள நைனிக்குக் கடிதங்களைக் கொண்டுசென்றார். அதிகாரமுறையில் வானூர்தி வழிச் சென்ற முதல் அஞ்சல் அது. 'வானூர்தி' என்ற சொல்லை நீக்கினால் கூற்றுப் பொய்யாகிவிடும். 1870–71-இல் முற்றுகையிடப்பட்ட பாரிசு நகரத்தார் பலூன்களில் அஞ்சல் அனுப்பினர். டாடா 1929-இல் பெற்ற உரிமச் சான்று இந்தியாவில் வழங்கப்பட்டவற்றுள் முதல் எண்ணுடையது. அதனால் அவரை முதல் இந்திய வானோடி என்போர், 1918-இல் பிரான்சு வானில் போரிட்டு மாண்ட இந்திரலால் ராயை மறந்தவராவர்.

நேர்ச்சிகளைப் பற்றிய ஆய்வில் விசாரணை அறிக்கைக்கே முதலிடம் தரப்படும். பன்னாட்டுப் பொது வான்போக்குவரத்து அமைப்பு 1951-இல் வகுத்த பதின்மூன்றாம் பிற்சேர்க்கை நெறிப்படி அறிக்கையின் நோக்கம் இனியொரு நேர்ச்சியைத் தடுத்தலே. குற்றவாளியைக் காண்டல் அன்று. இதனை அறியாதார் அறிக்கை எதனையோ மறைக்கிறது என்பர். ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' 1966 சனவரி 24-இல் மோன் பிளான் மலையில் மோதி, ஓமி பாபா உட்பட 117 பேர் மாண்டனர். ஊர்தியின் திசைகாட்டும் கருவிகளுள் ஒன்று பழுதுற்றிருந்ததையும், தரைக் கட்டுப்பாட்டாளர் கூறியதை ஓட்டுநர் பிறழ உணர்ந்து மலையைக் கடந்துவிட்டதாக எண்ணியதையும் பிரெஞ்சு விசாரணையர் காட்டினர். சதி என்னும் பேச்சு அதன்பின்னும் ஓயவில்லை. அதற்கு இத்தகைய ஆவணம் ஒன்றும் காட்டப்பட்டதில்லை.

அதே மலையில் 1950 நவம்பர் 3-இல் அந்நிறுவனத்தின் 'மலபார் பிரின்சஸ்' மோதியிருந்தது. அதில் மாண்டோர் 48 பேர். பொசோன் பனியாறு உருகுந்தோறும் பொருள்கள் வெளிப்படுகின்றன; எவ்வூர்திக்கு உரியவை என்ற வினாவும் உடன் எழுகிறது. 2020-இல் கிடைத்த இந்தியச் செய்தித்தாள்களில் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி தலைப்பாக அச்சிடப்பட்டிருந்தது. அது அவர் பிரதமர் பொறுப்பிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 1966 சனவரிச் செய்தி. ஆதலின் அத்தாள்கள் கஞ்சன்ஜங்காவில் சென்றவை.