மதுரை எரிந்த நாள் எது?

தருமபுரியில் நம்மிடம் தமிழ் பயிலும் மாணவருள் ஹாரி பாட்டர் படித்தவர் உண்டு. 2003இல் வெளிவந்த அதன் ஐந்தாம் நூலில் ஓர் ஆரூடம் வருகிறது. ஜூலை இறுதியில் பிறக்கும் குழந்தையைக் குறிக்கும் அது, இரு சிறுவர்க்குப் பொருந்தும். அவருள் எவன் என்பதைப் பகைவனே தன் செயலால் முடிவு செய்துவிடுகிறான். இத்தகைய புதிர்களில் தோயும் இளையோர் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

மதுரை எரிந்தபின் அந்நகரின் தெய்வம் கண்ணகிமுன் தோன்றி, பழைய உரை ஒன்றை வெளியிடுகிறது. ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நாள், வெள்ளிக்கிழமை ஆகியன கூடும் நாளில் மதுரை எரியுண்டு அரசும் கெடும் என்பது அவ்வுரை. கார்த்திகை என்ற பெயர் அதில் இல்லை. 'அழல் சேர் குட்டம்' என்றே வருகிறது. கார்த்திகையின் தேவதை அக்கினி என்பது தெரிந்தால்தான் பூட்டுத் திறக்கும்.

இக்குறிப்பை வரலாற்றுக் கடிகாரமாகக் கொண்டவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. பஞ்சாங்கக் கணிதத்தில் அவருக்கு நிகரானவர் அரியர். அடியார்க்குநல்லார் உரையில் உள்ள நாட்கணக்கையும் சேர்த்துக் கணித்து, மதுரை எரிந்தது கி.பி. 756 என்றார். சிலம்பு கூறும் இலங்கைக் கயவாகுவைக் கொண்டு கதையை இரண்டாம் நூற்றாண்டில் வைத்த கனகசபைப் பிள்ளையின் கணக்கோடு இது மோதிற்று. 1939இல் சிலம்பை ஆங்கிலத்தில் பெயர்த்த வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் இரண்டாம் நூற்றாண்டின் பக்கமே நின்றார். ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இடைவெளி! பல்லவர்க்கு முந்தைய காப்பியமா, பல்லவர் காலத்துக் காப்பியமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

நமக்குத் தோன்றுவது வேறு. ஆண்டெண் இல்லாத நாட்குறிப்பு ஒரே ஆண்டுக்கு மட்டும் பொருந்துவதில்லை. திதியும் நாளும் கிழமையும் மீண்டும் மீண்டும் கூடுவன. மேலும், அவ்வுரை வெளிப்படுவது நகர் எரிந்த பிறகு. நடந்து முடிந்ததை முன்பே விதித்ததாகக் காட்டும் காப்பிய உத்தி அது. கிழமையோடு நாள் குறிக்கும் வழக்கம் இந்தியக் கல்வெட்டுகளில் 484ஆம் ஆண்டின் ஏரண் கல்வெட்டில்தான் முதலில் தென்படுகிறது. ஆகவே அந்த 'வெள்ளி' தீயின் காலத்தைச் சொல்லவில்லை. அவ்வடிகளை எழுதியவரின் காலத்தைச் சொல்கிறது. கணிதம் பிழையன்று, கேட்ட கேள்விதான் பொருந்தவில்லை.

அதே 'அழற்குட்டம்' புறநானூற்றின் 229ஆம் பாட்டிலும் வருகிறது. நம் தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் குடியில் வந்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அவனைப் பாடிய கூடலூர் கிழார், பங்குனியின் ஒரு நள்ளிரவில் விண்மீன் ஒன்று எரிந்து வீழக் கண்டார். எந்த மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எழுந்தது என்றெல்லாம் நுணுகிக் குறிக்கிறார். பழைய உரைகாரர் துணையின்றி அவ்வடிகளுள் நுழைவது அரிது. மன்னன் நோயின்றி இருக்கவேண்டும் என்று அஞ்சினர். ஏழாம் நாள் வந்தது. யானை கையை நிலத்தில் இட்டுத் துஞ்ச, முரசம் உருள, குடை கால் ஒடிந்து வீழ, குதிரைகள் ஓட்டமின்றி நிற்க, அரசன் மாண்டான். இங்கும் பாடல் பிறந்தது சாவுக்குப் பிறகே. ஆயினும் இதில் உத்தி தெரியவில்லை, அச்சம் தெரிகிறது. புலவர் வானத்தைப் பார்த்தவர் என்பதை நம்பத் தோன்றுகிறது.

சிலம்பில் இன்னோர் ஆரூடமும் உண்டு. வஞ்சியின் அரசவையில் நிமித்தம் அறிந்தவன் ஒருவன், இளையவனுக்கே அரசிருக்கும் குறி உளது என்றான். மூத்தவன் செங்குட்டுவன் வருந்தக்கூடாதென்று இளங்கோ குணவாயிற் கோட்டத்தில் துறவு பூண்டார். ஆரூடம் பொய்த்ததென்று தோன்றும். வரந்தரு காதையிலோ, தேவந்தியின்மேல் தோன்றிய கண்ணகி, முடிவில்லாத இன்பத்து அரசை ஆளும் வேந்து நீர் என்று அவரிடமே கூறுகிறாள். நிமித்தகன் சொல் பலித்தது. எந்த அரசு என்று மட்டும் அவன் சொல்லவில்லை.