பாலிசிப் பலன் விளக்கம்

நெடுங்கால ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் கட்டும் பிரீமியம் முதிர்வின்போது எவ்வளவாகத் திரும்பக்கூடும் என்று காட்டும் அட்டவணை பலன் விளக்கம் எனப்படும். பாலிசி வாங்குபவர், விற்கும் ஏஜென்ட் இருவரும் இதில் கையெழுத்திட வேண்டும். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பகுதிகளில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும்தான் பிழைப்பு. அங்கே மாதச் சம்பளக்காரர்களைப் போலன்றி, தார் வெட்டும்போதுதான் கையில் காசு புரளும். அந்தக் காசைத் தேடி வரும் பேச்சில் ‘இருபது வருஷத்துல இத்தனை லட்சம்’ என்ற கடைசி எண் மட்டுமே உரக்கக் கேட்கும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் அனுமானம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) விதிப்படி, உத்தரவாதமில்லாத பலன்களை ஆண்டுக்கு 4%, 8% என்ற இரு வீதங்களில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். 2013 விதிமுறைகளுக்கு முன்பு இவை 6%, 10% ஆக இருந்தன. இவ்விரு வீதங்களும் வாக்குறுதியல்ல. கிடைக்கும் பலனுக்கு மேல் எல்லையோ கீழ் எல்லையோ அல்ல. 1 லட்சம் ரூபாய் 20 ஆண்டில் 4% வீதத்தில் 2.19 லட்சமாகும், 8% வீதத்தில் 4.66 லட்சமாகும். பெரிய எண்ணை மட்டும் நம்பித் திட்டமிடுவது, ஆயுதபூஜை வாரத்து ஏல விலையை வைத்து வாழைத் தோட்டத்தின் ஆண்டு வரவைப் போட்டுப் பார்ப்பது போன்றது. ‘உத்தரவாதம்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள தொகை மட்டுமே நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

போனஸ் பாலிசிகளில் கணக்கு இன்னும் நுட்பமானது. ஒருவர் 5 லட்சம் காப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் கட்டுகிறார் என்று கொள்வோம். காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 45 ரூபாய் போனஸ் என்றால் ஆண்டுக்கு 22,500 ரூபாய். கட்டும் பணத்துக்குக் கிட்டத்தட்ட நிகராகப் போனஸ் வருவதாகத் தோன்றும். ஆனால் அந்தப் போனஸ் அன்றே கைக்கு வராது, அதற்கு வட்டியும் ஏறாது. முதிர்வில் காப்புத் தொகையுடன் சேர்த்து 9.5 லட்சம் கிடைக்கும். கட்டிய 5 லட்சம் இரட்டிப்பானது போலத் தெரிந்தாலும், ஆண்டுக் கூட்டு வீதம் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவுதான். இந்த ஒரு வீதத்தை ஏஜென்டிடம் கேட்டு வாங்குவது அட்டவணை முழுவதையும் படிப்பதைவிடப் பயன் தரும். அந்த 45 ரூபாயும் நிலையானதல்ல; ஆண்டுதோறும் மதிப்பீடு செய்து அறிவிக்கப்படுவது.

நாட்டின் வட்டி வீதம் இறங்கினால் போனஸும் நாளடைவில் தளரும். வட்டி இறங்கியதற்குப் பொது வருங்கால வைப்பு நிதியே சாட்சி. 1986 முதல் 2000 தொடக்கம் வரை 12% தந்த அத்திட்டம் 2020 ஏப்ரலிலிருந்து 7.1% தருகிறது.

பிரிட்டனில் 1980களில் வீட்டுக் கடனை முதிர்வுத் தொகையால் அடைத்துவிடலாம் என்று எண்டோமென்ட் (சேமிப்பு கலந்த ஆயுள் காப்பீட்டு) பாலிசிகள் ஏராளமாக விற்கப்பட்டன. வட்டி சரிந்ததும் பலருக்குக் கடனை அடைக்கவே தொகை போதவில்லை. அங்கு விளக்கத்தில் பயன்படுத்தும் வீதங்கள் 5, 7, 9 விழுக்காட்டிலிருந்து 2014இல் 2, 5, 8 ஆகக் குறைக்கப்பட்டன.

பங்குச் சந்தை சார்ந்த யூலிப் பாலிசிகளில் கட்டணங்களும் பலனைத் தின்னும். 2010 செப்டம்பரில் வந்த கட்டுப்பாட்டின்படி, 15 ஆண்டும் அதற்கு மேலும் தொடரும் பாலிசியில் கட்டணங்களால் ஏற்படும் வீத இழப்பு 2.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 8% ஈட்டினாலும் வாடிக்கையாளருக்கு 5.75% வரை இறங்கலாம்.

விலைவாசி எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. ஆண்டுக்கு 6% விலை ஏறினால், 20 ஆண்டு கழித்து வரும் 10 லட்சம் இன்றைய 3.12 லட்சத்துக்குத்தான் சமம். மகள் கல்யாணத்துக்கு என்று சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்; சிறு கழிவு போக மீதிப் பணம் கிடைக்கும். அதன் பிறகு பாதியில் விலகினால் சரண்டர் மதிப்பு மட்டுமே மிஞ்சும். சொன்னது ஒன்று, ஆவணத்தில் இருப்பது வேறொன்று என்றால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) கட்டணமின்றி மனு கொடுக்கலாம்.