அரிவாள் வெட்டு இல்ல, இது எஞ்சின்

1/
எங்க ஊர் திருவண்ணாமலை. எங்களுக்குத் தெரிஞ்ச படகு, தீபம் முடிஞ்சு ஐயங்குளத்துல சாமி சுத்தி வர்ற தெப்பம்தான். அதுல எஞ்சினும் இல்ல, வேகமும் இல்ல. "மலையடிவாரத்து டாக்டருக்கு ஸ்பீடு போட்டைப் பத்தி என்னய்யா பேச்சு?"ன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப கடலோர ஊர் ஒண்ணுல டூட்டி. விடியக்காலைல காஷுவாலிட்டிக்கு ஒரு மீனவத் தம்பியைத் தூக்கிட்டு வந்தாங்க. தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் வரிசையா வெட்டு. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி சம இடைவெளி. நான் "அசால்ட் கேஸ்"னு எழுதப் போனேன். சீனியர் கையைப் பிடிச்சு நிறுத்தினார். "அரிவாள் இவ்வளவு ஒழுங்கா வெட்டாதுப்பா. இது எஞ்சின்."

3/
புரொப்பல்லர்ல வலை சுத்திக்கிச்சு. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, எடுத்துவிடத் தண்ணில இறங்கியிருக்கார். மேல இருந்த பையன், அண்ணன் ஏறிட்டார்னு நினைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டான். அவ்வளவுதான். உயிர் பிழைச்சுது, கால் பிழைக்கல. அந்த வரிசைக் கோடு இன்னும் என் கண்ணுல நிக்குது. அதுக்கப்புறம்தான் இந்தப் புரொப்பல்லரோட கதையைத் தேடிப் படிச்சேன்.

4/
1836. இங்கிலாந்துல பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்னு ஒரு விவசாயி, திருகாணி மாதிரி மரத்துல செஞ்ச புரொப்பல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். சில வாரத்துலயே ஸ்வீடன்காரர் ஜான் எரிக்சனும் வாங்கினார். 1837ல லண்டன் கால்வாய்ல ஓட்டிப் பாக்கும்போது ஸ்மித்தோட திருகாணி பாதி உடைஞ்சு போச்சு. போச்சுடான்னு பாத்தா, படகு முன்னைவிட வேகமாப் போகுது! நீளத் திருகாணி தேவையில்ல, சின்ன இறக்கை போதும்னு உலகம் கத்துக்கிட்டது அப்படித்தான்.

5/
1845ல பிரிட்டிஷ் கடற்படை ஒரு கயிறிழுக்கும் போட்டியே வச்சுது. ஒரு பக்கம் புரொப்பல்லர் வச்ச ராட்லர். இன்னொரு பக்கம் பக்கவாட்டுச் சக்கரம் வச்ச அலெக்டோ. ராட்லர் அதைப் பின்னாடியே இழுத்துட்டுப் போயிடுச்சு.

6/
அடுத்து வேகப் பைத்தியம். 1894ல சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைன் வச்சு டர்பைனியாங்கற கப்பலைக் கட்டினார். எஞ்சினுக்கு அசுர பலம், ஆனா கப்பல் நினைச்ச வேகத்துக்குப் போகல. புரொப்பல்லர் ரொம்ப வேகமாச் சுத்தினா இறக்கைக்குப் பின்னாடி அழுத்தம் குறைஞ்சு தண்ணியே ஆவிக்குமிழியாயிடும். அப்புறம் பிடிமானம் ஏது? அவர் மூணு தண்டுல மொத்தம் ஒன்பது புரொப்பல்லரைப் பிரிச்சுப் போட்டார். 1897ல விக்டோரியா ராணியோட வைரவிழா கடற்படை அணிவகுப்புக்கு நடுவுல புகுந்து, சுமார் 34 நாட், அதாவது மணிக்கு 63 கி.மீ. வேகத்துல பறந்து காட்டினார்.

7/
1909ல ஓலே எவின்ரூட் படகோட பின்பக்கம் மாட்டுற அவுட்போர்டு மோட்டாரை விற்க ஆரம்பிச்சார். 1959ல வால்வோ பென்டா, எஞ்சின் உள்ளே, கியரும் புரொப்பல்லரும் வெளியேன்னு ஸ்டெர்ன் டிரைவ் கொண்டு வந்துச்சு. 1982ல ஒண்ணுக்கொண்ணு எதிர்த் திசையில சுத்துற இரட்டைப் புரொப்பல்லர். வேகம் கூடிட்டே போச்சு. தண்ணில கிடக்குற மனுஷன் மட்டும் அதே மனுஷன்.

8/
ஒரு சின்னக் கணக்கு. மூணு இறக்கை, நிமிஷத்துக்கு 2500 சுத்து. ஒரு செகண்டுக்கு 125 வெட்டு. படகு 40 கி.மீ. வேகத்துல உங்களைக் கடக்க 0.15 செகண்ட். அதுக்குள்ள கிட்டத்தட்ட 19 வெட்டு. கண் இமைக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். நான் பாத்த அந்த வரிசைக் கோடோட அர்த்தம் இதுதான்.

9/
"டேபிள் ஃபேனுக்குப் போடுற மாதிரி கூண்டு போட வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. மெதுவாப் போற படகுக்கு அது நல்லாவே உதவும். வேகப் படகுல கூண்டு தண்ணியை இழுத்துப் பிடிக்கும். அந்த வேகத்துல கூண்டே தலையில மோதினாலும் மண்டை உடையும், கை கால் அதுக்குள்ள சிக்கவும் வாய்ப்பிருக்கு. இதையெல்லாம் ஆராய்ஞ்சு 1990ல அமெரிக்கக் கடலோரக் காவல்படை கூண்டைக் கட்டாயமாக்க வேண்டாம்னு முடிவு பண்ணுச்சு. ஆனா "அரசு கட்டாயமாக்கல, அதனால எங்க மேல வழக்கே போடக்கூடாது"ன்னு ஒரு கம்பெனி சொன்னப்ப, 2002ல அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதா அதை ஏத்துக்கல.

10/
நியூசிலாந்தோட பில் ஹாமில்டன் 1950கள்ல வேற வழி காட்டினார். வெளியே புரொப்பல்லரே இல்லாம, தண்ணியை உறிஞ்சிப் பின்னாடி பீய்ச்சுற ஜெட். வெட்டுக்காயம் பயம் போச்சு. ஆனா இதுலயும் ஆபத்து இருக்கு. உறிஞ்சுற இடத்துல முடியும் துணியும் சிக்கும். ஜெட் ஸ்கீ பின்சீட்ல இருந்து விழுந்தா, பீய்ச்சுற தண்ணி ஆசனவாய், பிறப்புறுப்பு வழியா உள்ளே புகுந்து குடலையே கிழிச்ச கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல இருக்கு.

11/
அப்போ எதுதான் காப்பாத்தும்? சுருள் சுருளா ஒரு சிவப்புக் கயிறு. பேரு கில் கார்டு. ஒரு முனை ஓட்டுறவர் உடம்புல, இன்னொரு முனை எஞ்சின் ஸ்விட்ச்ல. அவர் விழுந்தா கயிறு பிடுங்கும், எஞ்சின் நிக்கும்.

12/
2013 மே மாசம் இங்கிலாந்தோட பாட்ஸ்டோல ஒரு வேகப் படகுல இருந்து ஆறு பேர் குடும்பம் மொத்தமாத் தூக்கி எறியப்பட்டுச்சு. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லாத படகு நேராப் போகாது, வட்டம் போட்டு விழுந்தவங்க மேலேயே திரும்பி வரும். அப்பாவும் எட்டு வயசு மகளும் இறந்துட்டாங்க. மத்தவங்களுக்கும் காயம். விசாரணையில தெரிஞ்சது: கில் கார்டு மாட்டல. அமெரிக்காவுல 26 அடிக்குக் குறைவான படகுகள்ல இந்த ஸ்விட்ச் இருந்தா அதை மாட்டித்தான் ஓட்டணும்னு சட்டம் வந்தது 2021 ஏப்ரல்லதான்.

13/
நம்ம நாட்டுக்கு வருவோம். 2024 டிசம்பர் 18, மும்பை. எஞ்சின் சோதனை ஓட்டத்துல இருந்த கடற்படை வேகப் படகு கட்டுப்பாட்டை இழந்து, எலிஃபண்டா தீவுக்குப் போன நீல்கமல் படகுல மோதுச்சு. 15 பேர் இறந்தாங்க. இது புரொப்பல்லர் வெட்டு இல்ல, மோதலும் மூழ்கினதும்தான். ஆனா பாடம் ஒண்ணுதான்: வேகப் படகோட எஞ்சின் மனுஷன் கையை மீறிட்டா யோசிக்க நேரம் கிடைக்காது.

14/
முட்டுக்காடோ பாண்டிச்சேரியோ, லீவுக்குப் போறவங்க கவனத்துக்கு:
• லைஃப் ஜாக்கெட் மாட்டாம ஏறாதீங்க.
• "அண்ணே, கில் கார்டு மாட்டியாச்சா?"ன்னு கேளுங்க. கூச்சமே வேண்டாம்.
• படகு முன்விளிம்புல கால் தொங்கப் போட்டு உக்காராதீங்க. விழுந்தா படகு உங்க மேல ஏறித்தான் போகும்.
• தண்ணில ஆள் இருந்தா நியூட்ரல் போதாது, எஞ்சினையே ஆஃப் பண்ணணும். வெள்ளத்துல மீட்புப் படகு வரும்போதும், கைகாட்டிக் கூப்பிடுற வரைக்கும் பின்பக்கம் போகாதீங்க.

15/
அடிபட்டா: சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. அடங்காம ரத்தம் பீய்ச்சினா காயத்துக்கு மேல இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தைக் குறிச்சுக்கோங்க. 108. காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். துண்டான பாகத்தை ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ் தண்ணில வைங்க. நேரா ஐஸ்ல போடாதீங்க. காயம் சின்னதா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. தண்ணிக் கிருமி சதையை வேகமா அழிக்கும், டி.டி. ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் வேணும்.

16/
அந்தத் தம்பி டிஸ்சார்ஜ் ஆகும்போது, ஸ்டார்ட் பண்ணின பையன் வார்டு வாசல்ல நின்னு அழுதுட்டிருந்தான். அவனுக்குப் பதினஞ்சு, பதினாறு வயசு இருக்கும். கூடப் பிறந்த தம்பி. "அவன் மேல தப்பில்ல சார்"னு அண்ணன் சொல்லிட்டே இருந்தார். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அன்னிக்கு அந்த எஞ்சினோட கயிறு கீழே இறங்கினவர் கையில இருந்திருந்தா, மேல இருக்குறவன் நினைச்சாலும் ஸ்டார்ட் ஆகியிருக்காது.

கடலோரத்துல உங்களுக்குச் சொந்தக்காரங்க இருந்தா இந்த ஒரு வரியை மட்டுமாவது சொல்லிடுங்க: தண்ணில இறங்குறவர் கையிலதான் கயிறு இருக்கணும்.